சேவிங்ஸ் டெபாசிட்டோட ஃபேர் வேல்யூவும் கணக்குல இருக்குற தொகையும் எப்படி ஒரு காசு மாறாம ஒன்னாவே வருது?

ராத்திரி_ஆடிட்டர்:

வணக்கம் எல்லாருக்கும். ஆடிட் வேலைல எனக்கு இது ரெண்டாவது வருஷம். சீனப் பெருநாளுக்கு முன்னாடி முடிக்கணும்னு எல்லாரும் பறக்குறாங்க, மணி 11 ஆச்சு, தஞ்சோங் பகார் ஆபீஸ்ல உக்காந்து இத டைப் பண்றேன், கடைசி எம்ஆர்டி போயிருமோன்னு ஒரு கண்ணு கடிகாரத்து மேலயே இருக்கு.

இதுவரைக்கும் ஷிப்பிங் கம்பெனி, குடோன், ரெஸ்டாரண்ட்னு பாத்துட்டு இருந்தவன இந்த வருஷம் ஒரு பேங்க் ஜாப்ல போட்டுட்டாங்க (பேரு கேக்காதீங்க). என் கைல வந்தது ஃபைனான்ஷியல் அசெட்ஸ் லயபிலிட்டீஸோட (சொத்து, கடன்) ஃபேர் வேல்யூ நோட், அதாவது கணக்கறிக்கைக்குப் பின்னாடி வர்ற விளக்கக் குறிப்பு. "ஈஸிதான், நம்பர் டை ஆகுதான்னு (ஒத்துப் போகுதான்னு) பாத்துடு"ன்னு சொல்லிட்டு சீனியர் வேற ஜாபுக்குப் போயிட்டாங்க. நம்பர் டை ஆகுது. ஆனா எனக்குத்தான் ஒன்னும் புரியல.

சேவிங்ஸ், கரண்ட் அக்கவுண்ட் டெபாசிட்டுக்கு கேரியிங் அமௌண்ட் (புக்ல இருக்குற தொகை) எவ்வளவோ அதேதான் ஃபேர் வேல்யூன்னு போட்டுருக்காங்க. எப்படி? அந்தப் பணத்துக்கு பேங்க் குடுக்குறது 0.05 பர்சென்ட் வட்டி. அதே பணத்த மார்க்கெட்ல கடனா வாங்குனா எத்தனையோ மடங்கு ஆகும். எங்கம்மா பிஓஎஸ்பில போட்ட பணம் நான் பிரைமரி ஸ்கூல் படிச்சப்பலேர்ந்து நகரவே இல்ல. பத்து வருஷம் கழிச்சு குடுக்கப் போற பணத்த இன்னைக்கு மதிப்புக்கு டிஸ்கவுண்ட் பண்ணா குறைவாத்தானே வரணும்? காலேஜ்ல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க.

லோன் பக்கமும் அதே கதைதான், கேரியிங் அமௌண்ட், ஃபேர் வேல்யூ ரெண்டும் ஏறக்குறைய ஒரே நம்பர். ஆனா அமார்டைஸ்ட் காஸ்ட்ல (மார்க்கெட் விலைய பாக்காம, வாங்குன விலைய அடிப்படையா வச்சுப் போடுற கணக்கு) வச்சிருக்குற கவர்மெண்ட் பாண்ட் மட்டும் ஃபேர் வேல்யூல நல்லாவே கம்மி. அது நஷ்டம்னா லாப நஷ்டக் கணக்குல ஏன் காணோம்? நஷ்டம் இல்லன்னா நோட்ல எதுக்குப் போடுறாங்க?

கடைசியா, லிஸ்ட் ஆகாத ஒரு கம்பெனி ஷேர் கொஞ்சம் வச்சிருக்காங்க, லெவல் 3 (மார்க்கெட் விலை இல்லாம ஊகத்த வச்சுப் போடுற மதிப்பு). அதுக்கு அவங்க போட்ட நம்பர் சரியா தப்பான்னு நான் எத வச்சு சொல்றது? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, முட்டாள்தனமான கேள்வின்னா மன்னிச்சுடுங்க.

—

கோப்பி_ஓ_கோசோங்:

தம்பி நான் அக்கவுண்டண்ட் இல்ல, பேங்க் ஷேர் வச்சிருக்குற சாதாரண ஆளு, ஆனா வருஷா வருஷம் ஆனுவல் ரிப்போர்ட் முழுசா படிக்கிறவன் (வீட்டுல திட்டுவாங்க). என் கருத்து சிம்பிள் லா, இந்த ஃபேர் வேல்யூ எல்லாம் பேங்க்காரன் அவனுக்குப் புடிச்ச மாதிரி போட்டுக்குற நம்பர். வீட்டு ஏஜெண்ட் வந்து "உங்க வீடு இவ்ளோ போகும்"னு சொல்வான்ல, அதே மாதிரிதான். பாண்ட் விலை இறங்குனதப் பத்தி கவலையே படாத, மெச்சூரிட்டி வரைக்கும் கையில வச்சிருந்தா முழுப் பணமும் திரும்பி வந்துரும், அப்புறம் எங்க நஷ்டம்? அதனாலதான் லாப நஷ்டத்துல காட்டல. நிம்மதியா போய் தூங்கு.

—

பழைய_டிரெஷரி:

கோப்பி அண்ணே, ஏஜெண்ட் உதாரணம் நல்ல உதாரணம், ஆனா நீங்க அத தலைகீழா புடிச்சிருக்கீங்க. கடைசில சொன்னீங்களே நிம்மதியா தூங்குன்னு, அதுக்கு அப்புறம் வரேன்.

தம்பி, நான் ஷென்டன் வே பக்கம் டிரெஷரில 20 வருஷத்துக்கு மேல இருந்து ரிட்டயர் ஆனவன். இது முட்டாள்தனமான கேள்வி இல்ல. சீனியர் ஈஸின்னு சொன்ன நோட்லதான் ஒரு பேங்கோட மொத்தக் கதையும் இருக்கு.

மொதல்ல ஃபேர் வேல்யூன்னா என்ன. ஐஎஃப்ஆர்எஸ்ங்கறது சர்வதேச கணக்கு விதிகள், அதுல 13வது இதுக்குத்தான், நம்ம ஊர்ல எஸ்எஃப்ஆர்எஸ் ஐ 13னு அதே ஸ்டாண்டர்ட் இருக்கு. சொத்தா இருந்தா இன்னைக்கு வித்தா கிடைக்குற விலை, கடனா இருந்தா அத இன்னொருத்தன் தலைல மாத்தி விட நாம குடுக்க வேண்டிய விலை. அவ்ளோதான். வாங்குன விலை இல்ல, நீ மனசுல வச்சிருக்குற விலையும் இல்ல. ஆங் மோ கியோல உனக்கு ஒரு நாலறை வீடு இருக்குன்னு வை. "இது அப்பா வாங்குன வீடு, நான் விக்கவே மாட்டேன்"னு நீ சொல்லலாம், ஆனா ஃபேர் வேல்யூ அத கேக்கவே இல்ல. இன்னைக்கு ஒழுங்கா விளம்பரம் போட்டு நாலு பேர் வந்து பாத்து வாங்குற விலை என்னன்னுதான் கேக்குது. ரெண்டு வாரத்துல வெளிநாடு கெளம்புறவன் வந்த விலைக்குத் தள்ளி விடுற விலையும் கணக்குல வராது. கோப்பி அண்ணே, உங்க ஏஜெண்ட் என்ன வேணா சொல்லட்டும், அதே பிளாக்ல போன மாசம் வித்த விலை எச்டிபி வெப்சைட்ல இருக்குல்ல, அத வச்சு அவன மடக்கலாம்ல. ஆடிட்டர் வேலையும் அதுதான்.

இப்ப உங்கம்மா சேவிங்ஸ். நீ சொன்ன டிஸ்கவுண்ட் லாஜிக்ல ஒரு தப்பும் இல்ல. சொல்லப் போனா பேங்க்ல அசெட் லயபிலிட்டி பாக்குறவங்க உள்ளுக்குள்ள அப்படித்தான் யோசிப்பாங்க, இந்த டெபாசிட் சராசரியா இத்தன வருஷம் தங்கும்னு ஒரு மாடலே வச்சிருப்பாங்க, ஒரு பேங்க இன்னொரு பேங்க் வாங்கும்போது அந்த டெபாசிட்காரங்க உறவுக்குத் தனியா விலையும் போடுவாங்க. ஆனா நோட்ல அத செய்ய விடமாட்டாங்க. ஐஎஃப்ஆர்எஸ் 13ல 47வது பாரா எடுத்துப் பாரு. கேட்ட உடனே குடுக்க வேண்டிய கடனுக்கு ஃபேர் வேல்யூ, கேட்டா குடுக்க வேண்டிய தொகைக்குக் கீழ போகவே கூடாது. அது ஒரு தரை மாதிரி. உங்கம்மா நாளைக்குக் காலைல போய் முழுசா எடுக்கலாம், எடுக்க மாட்டாங்கன்னு பேங்க் நம்பலாம், ஆனா அந்த நம்பிக்கைய நம்பரா மாத்தி கடனக் குறைச்சுக் காட்ட முடியாது.

சேவிங்ஸ் பாண்டயும் சாதா எஸ்ஜிஎஸ் (சிங்கப்பூர் அரசாங்கக் கடன் பத்திரம்) பாண்டயும் பக்கத்துல வச்சுப் பாரு, இன்னும் நல்லா புரியும். ரெண்டுமே சிங்கப்பூர் அரசாங்கம் குடுக்குறதுதான். சேவிங்ஸ் பாண்ட எந்த மாசம் வேணா திருப்பிக் குடுத்து போட்ட அசல வாங்கிக்கலாம், அதனால வட்டி விகிதம் எவ்ளோ ஏறுனாலும் அதோட மதிப்பு அசலுக்குக் கீழ போகாது. எஸ்ஜிஎஸ் பாண்டுக்கு அந்த வசதி இல்ல, மார்க்கெட்ல வித்துத்தான் வெளிய வரணும், வட்டி ஏறுனா விலை இறங்கும். சேவிங்ஸ் டெபாசிட் முதல் வகை, கடன்காரன் பக்கத்துலேர்ந்து பாக்குறோம், அவ்ளோதான் வித்தியாசம்.

ஃபிக்ஸட் டெபாசிட் வேற. அதுக்கு தேதி இருக்கு, அதனால டிஸ்கவுண்ட் பண்ணணும். உதாரணத்துக்கு, 100,000 வெள்ளி, 12 மாசம், 3.5 பர்சென்ட்ல வாங்குனாங்க, இன்னும் 6 மாசம் பாக்கி, இப்ப அதே 6 மாசத்துக்கு புது டெபாசிட் 2.5 பர்சென்ட்ல கிடைக்குது. கடைசில குடுக்க வேண்டியது 103,500. அத 2.5 பர்சென்ட்ல அரை வருஷம் டிஸ்கவுண்ட் பண்ணா 1.0125 ஆல வகுக்கணும், 102,222 வரும். புக்ல அசலும் சேர்ந்த வட்டியும் 101,750. ஆக கடனோட ஃபேர் வேல்யூ 472 வெள்ளி அதிகம், ஏன்னா பேங்க் இப்ப மலிவா வாங்கக்கூடிய பணத்துக்கு பழைய ஒப்பந்தத்தால அதிகமா குடுத்துட்டு இருக்கு. வட்டி ஏறியிருந்தா இது தலைகீழ். ஆனா அப்ப ஒரு சிக்கல் இருக்கு, டெபாசிட்காரர் நடுவுல உடைக்க உரிமை இருந்தா, உடைச்சா கிடைக்குற தொகை மறுபடி தரையா வந்து நிக்கும். அது உரிமையா, இல்ல பேங்க் மனசு வச்சா குடுக்குற சலுகையான்னு டெபாசிட் கண்டிஷன்ஸ படிச்சுப் பாரு.

லோன் பத்தி வேற யாராவது சொல்லுங்க, பேரப் புள்ளைய கிண்டர்கார்டன்லேர்ந்து கூட்டிட்டு வரணும்.

—

மீனா_மாசக்கடைசி:

அண்ணன் சொன்னதுல டெபாசிட் பக்கம் முழுசா முடிஞ்சுது. நான் புராடக்ட் கண்ட்ரோல்ல இருக்கேன், மாசக் கடைசில டிரேடர் போட்ட விலைய டிரேடர நம்பாம நாங்களே வெளிலேர்ந்து எடுத்து சரி பாக்குறதுதான் என் பொழப்பு. அதனால கோப்பி அண்ணே, "புடிச்ச மாதிரி போட்டுக்குற நம்பர்"ன்னு சொன்னது கொஞ்சம் வலிச்சுது 😅 ஆனா லெவல் 3ல முழுசா மறுக்கவும் முடியாது.

லோன். ஃப்ளோட்டிங் லோன் பெரும்பாலும் மூணு மாச சோராவ (சிங்கப்பூர் வெள்ளிக் கடனுக்கான அடிப்படை வட்டி) புடிச்சு ஓடுது, மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி புதுசாகுது. அதனால மார்க்கெட் வட்டி எங்க போனாலும் லோன் கூடவே போயிரும், விலை மாற இடமே இல்ல, கேரியிங் அமௌண்ட்டே போதும்னு எழுதிருவாங்க. பாதி நியாயம். மீதிப் பாதி என்னன்னா, புதுசாகுறது சோரா மட்டும்தான், அதுக்கு மேல பேங்க் வாங்குற மார்ஜின் லோன் முடியுற வரைக்கும் அப்படியே பூட்டி இருக்கு. சோரா பிளஸ் 1 பர்சென்ட்ல குடுத்த கம்பெனி லோன், இன்னும் நாலு வருஷம் பாக்கி, அதே மாதிரி கம்பெனிக்கு இன்னைக்கு மார்க்கெட் 2 பர்சென்ட் மார்ஜின் கேக்குதுன்னா, 100 வெள்ளிக்கு சுமார் மூன்றரை வெள்ளி விலை இறங்கியிருக்கும். ஃப்ளோட்டிங்ன்னு ஒரு வார்த்த இருந்தா டிக் போட்டுட்டு போயிராத.

இன்னொன்னு, "ப்ராவிஷன (வாராக் கடனுக்கு ஒதுக்குற தொகை) கழிச்சுட்டோம், அதனால கடன் ரிஸ்க் எல்லாம் உள்ள வந்துருச்சு"ன்னு கிளையண்ட் சொல்வாங்க. வராது. ஐஎஃப்ஆர்எஸ் 9ல ஸ்டேஜ் 1 லோனுக்கு (குடுத்த அன்னைலேர்ந்து ரிஸ்க் பெருசா கூடாத லோன்) அடுத்த 12 மாசத்துல லோன் வாராம போற வாய்ப்புக்கு மட்டும்தான் ப்ராவிஷன், அதையும் அந்த லோனோட சொந்த வட்டிலதான் டிஸ்கவுண்ட் பண்றாங்க. வாங்குறவன் கேக்குறது அது இல்ல, முழு காலத்துக்குமான ரிஸ்க்கு, அதுக்கு மேல எனக்கு என்ன கூலின்னு கேப்பான். ரெண்டும் வேற கணக்கு.

ஃபிக்ஸட் ரேட் லோன்லதான் நெஜமான வேலை. தம்பி அவங்க எந்த ரேட்ல டிஸ்கவுண்ட் பண்ணிருக்காங்கன்னு கேட்டு வாங்கு, இந்த ஒரு கேள்வி போதும். இன்னைக்கு அதே மாதிரி ஆளுக்கு, அதே மாதிரி அடமானத்துக்கு, மீதி இருக்குற அதே காலத்துக்கு என்ன ரேட்ல குடுப்பாங்களோ அந்த ரேட்தான் வேணும்.

பாண்ட்ல லெவல் 1, 2, 3 (விலை எவ்ளோ நேரடியா மார்க்கெட்லேர்ந்து வருதுங்கற தரவரிசை) பத்தி நீ கேக்கல, ஆனா கேட்டுருக்கணும். எஸ்ஜிஎஸ் பாண்ட் விலைய நாணய ஆணையம் தினமும் போடுது, தினமும் கை மாறுது, லெவல் 1, பிரச்சினை இல்ல. சிங்கப்பூர் வெள்ளில வர்ற கம்பெனி பாண்ட்லதான் எல்லாரும் வழுக்குறாங்க. அது எஸ்ஜிஎக்ஸ்ல (சிங்கப்பூர் பங்குச்சந்தை) லிஸ்ட் ஆயிருக்கும், அதனால லெவல் 1ன்னு எழுதிட்டு போயிருவாங்க. ஆனா நெறைய பாண்ட் ஒரு லாட் 250,000 வெள்ளி, எக்ஸ்சேஞ்ச்ல யாரும் வாங்குறது இல்ல, டீலர்கிட்ட போன்ல நடக்குற வியாபாரம், சிலது வாரக் கணக்கா நகராது. லிஸ்ட் ஆயிருக்குறது ஒன்னு, ஆக்டிவ் மார்க்கெட்ல விலை இருக்குறது வேறொன்னு. புரோக்கர் அனுப்புற கோட்டும் பல சமயம் "சும்மா ஒரு ஐடியாவுக்கு"தான், அந்த விலைல வாங்குவியான்னு கேட்டா போன வச்சுருவான். அது லெவல் 2, சில சமயம் 3. அண்ணனோட வீட்டு உதாரணத்துல சொன்னா, பக்கத்து வீட்டு விலைய எடுத்து மாடி உசரத்துக்கும் மீதி லீஸுக்கும் கூட்டிக் கழிச்சா லெவல் 2. அந்த வட்டாரத்துலயே யாரும் வீடு விக்கலன்னா, வாடகை எவ்ளோ வரும்னு நாமளே ஊகிச்சு கணக்குப் போட்டா லெவல் 3.

ஸ்வாப் (ஃபிக்ஸட் வட்டியையும் ஃப்ளோட்டிங் வட்டியையும் மாத்திக்குற ஒப்பந்தம்) இருந்தா ஒரு சின்ன டிப். டிஸ்கவுண்ட் கர்வ் (எந்தக் காலத்துக்கு எந்த வட்டில டிஸ்கவுண்ட் பண்றாங்கங்கற வரிசை) என்னன்னு எக்செல்ல பாரு. பழைய அடிப்படை வட்டில எஸ்ஓஆர் 2023 ஜூன் 30ஓட போச்சு, சைபார் 2024 டிசம்பர் 31ஓட போச்சு, இப்ப எல்லாம் சோராதான். ஷீட் பேரு இன்னும் எஸ்ஓஆர்னே இருந்தா பேரு மட்டும் பழசா இல்ல உள்ள இருக்குற நம்பரும் பழசான்னு செக் பண்ணு. நான் பாத்திருக்கேன் 🙃

லிஸ்ட் ஆகாத ஷேர். ஐஎஃப்ஆர்எஸ் 9 வந்தப்புறம் "வாங்குன விலைலயே வச்சுக்குறோம்"னு பொதுவா சொல்ல முடியாது, ரொம்ப கொஞ்சம் சந்தர்ப்பத்துலதான் அது ஒத்துக்குற மாதிரி இருக்கும். அதே தொழில்ல லிஸ்ட் ஆன கம்பெனிங்க புக் வேல்யூவுக்கு எத்தன மடங்குல போகுதுன்னு எடுப்பாங்க, சுலபமா விக்க முடியாதுங்கறதுக்கு ஒரு கழிவு போடுவாங்க. நம்பர் சரியா தப்பான்னு உன்னால சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. நீ கேக்க வேண்டியது எந்த கம்பெனிங்கள எடுத்தீங்க, ஏன் அந்த நாலு, போன வருஷம் இருந்த அஞ்சாவது எங்க போச்சு, கழிவு 20லேர்ந்து 30 ஆனா நம்பர் எவ்ளோ ஆடும். அஞ்சாவது கம்பெனி காணாம போன கதைல அனேகமா ஒரு விஷயம் இருக்கும்.

—

கோப்பி_ஓ_கோசோங்:

சரி சரி மீனா, கோச்சுக்காத. ஆனா என் பாண்ட் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. மெச்சூரிட்டி வரைக்கும் வச்சிருந்தா எங்க நஷ்டம்?

—

பழைய_டிரெஷரி:

வந்துட்டேன், புள்ள தூங்குது.

அண்ணே, 100 வெள்ளி பாண்ட், 2 பர்சென்ட் கூப்பன் (வருஷ வட்டி), இன்னும் 5 வருஷம், மார்க்கெட் யீல்ட் (இப்ப மார்க்கெட் கேக்குற வருமானம்) 4ன்னா விலை 91.10. மெச்சூரிட்டி வரைக்கும் வச்சா 100 வரும், உண்மைதான். ஆனா அந்த 5 வருஷமும் 4 பர்சென்ட் சம்பாதிக்க வேண்டிய பணம் 2 பர்சென்ட்லயே உக்காந்திருக்கும், அந்த வித்தியாசத்த இன்னைக்கே கூட்டிப் பாத்தா அதுதான் அந்த 8.90. நஷ்டம் இல்லாம போகல, தவணைல வருது.

அமார்டைஸ்ட் காஸ்ட்ல ஏன் வைக்க விடுறாங்கன்னா, கூப்பனும் அசலும் வாங்குறதுதான் எங்க நோக்கம்னு பேங்க் சொல்லுது, அதுக்கு ஏத்த மாதிரி கணக்கு. (பழைய ஐஏஎஸ் 39ல ஹெல்ட் டு மெச்சூரிட்டின்னு பேரு, 2018லேர்ந்து அந்தப் பேரு போச்சு, ஆனா நாங்கள்லாம் இன்னும் அப்படித்தான் சொல்றோம்.) ஆனா நோக்கம்ங்கறது உங்க கையில மட்டும் இல்ல. பணம் போட்டவன் வந்து கேட்டா வித்துத்தான் ஆகணும். அதுக்காகத்தான் நோட்ல ஃபேர் வேல்யூ போடச் சொல்றாங்க.

சிலிக்கன் வேலி பேங்க் கதை உங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பர் கடைசில மெச்சூரிட்டி வரைக்கும் வைக்கப் போறோம்னு சொன்ன பாண்ட் சுமார் 91 பில்லியன் அமெரிக்க டாலர், அதோட ஃபேர் வேல்யூ சுமார் 76 பில்லியன். அது ஒளிச்சு வச்ச நம்பர் இல்ல, பேலன்ஸ் ஷீட்லயே அந்த வரிக்குப் பக்கத்துல எழுதியிருந்துச்சு. அந்த பேங்கோட மொத்த ஈக்விட்டியே 16 பில்லியன் சொச்சம்தான். அப்புறம் 2023 மார்ச் 8ந்தேதி வேற 21 பில்லியன் பாண்ட வித்ததுல 1.8 பில்லியன் நஷ்டம்னு அறிவிச்சாங்க, அடுத்த நாள் ஒரே நாள்ல டெபாசிட்காரங்க 42 பில்லியன் எடுக்க வரிசைல நின்னாங்க, 10ந்தேதி பேங்க மூடிட்டாங்க. வரிசைன்னா பாதிக்கு மேல போன்லயே.

தம்பி இத உன் முதல் கேள்வியோட சேத்துப் பாரு. வட்டி ஏறும்போது ஒரு நல்ல பேங்கோட பாண்ட் விலை இறங்கும், ஆனா அதே நேரத்துல அதோட மலிவான சேவிங்ஸ் டெபாசிட் இன்னும் மதிப்பு கூடும், ரெண்டும் ஒன்ன ஒன்னு தாங்கும். நோட்ல முதல் பாதி மட்டும்தான் தெரியும், ரெண்டாவது பாதிக்கு 47வது பாரா தரை போட்டுருச்சு. அதனால அந்த நோட்ட மட்டும் பாத்துட்டு பேங்க் நஷ்டத்துல மூழ்கிருச்சுன்னு சொல்றதும் தப்பு. எல்லா வருஷமும் நான் இந்தத் தரைய திட்டிட்டே இருந்தவன், "எங்க டெபாசிட் எங்கயும் போகாது, இத ஏன் காட்ட விட மாட்டேங்குறாங்க"ன்னு மீட்டிங்ல சண்ட போட்டுருக்கேன். அந்த மார்ச் மாசம் ரெண்டு நாளோட அந்த வாய மூடிட்டேன்.

—

கோப்பி_ஓ_கோசோங்:

ஒத்துக்குறேன் அண்ணே, இந்த தடவ ஒத்துக்குறேன். இன்னொரு டவுட். கடனுக்கும் ஃபேர் வேல்யூன்னா, பேங்க் பேரு கெட்டுப் போச்சுன்னா அது வெளியிட்ட பாண்ட் விலை இறங்கும்ல, அப்ப அதோட கடன் கம்மி ஆயிருச்சுன்னு லாபம் காட்டுவானா? சும்மா காமெடிக்குக் கேக்குறேன்.

—

மீனா_மாசக்கடைசி:

காமெடி இல்ல அண்ணே, நடந்துருக்கு 😂 2011 மூணாவது குவார்ட்டர்ல மார்கன் ஸ்டான்லி அப்படி 3.4 பில்லியன் டாலர் வருமானம் காட்டுச்சு. அந்த நேரம் அவங்க பேர்ல மார்க்கெட்டுக்கு பயம், ஸ்ப்ரெட் (அவங்க கடனுக்கு மார்க்கெட் கேக்குற கூடுதல் வட்டி) ஏறுச்சு, கடன் மதிப்பு இறங்குச்சு, லாபம் ஏறுச்சு. அவங்க மட்டும் இல்ல, பெரிய பேங்க் பலதுலயும் அதே குவார்ட்டர்ல நடந்துச்சு. படிக்கிறவனுக்கு தல சுத்தும். இப்ப ஐஎஃப்ஆர்எஸ் 9ல, ஃபேர் வேல்யூல வைக்கிறேன்னு பேங்க் தானா தேர்ந்தெடுத்த கடன்ல, சொந்தப் பேரு கெட்டதால வர்ற மாற்றம் பொதுவா லாப நஷ்டத்துக்குப் போகாது, ஓசிஐக்குப் (லாப நஷ்டத்துக்கு வெளிய காட்டுற இதர வருமானம்) போயிரும். ஃபேர் வேல்யூ கணக்குல அந்த ரிஸ்க் இருக்கணும்ங்கறது மாறல, எங்க காட்டுறதுங்கறதுதான் மாறிச்சு.

—

ராத்திரி_ஆடிட்டர்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, மூணு நாள் ஆச்சு பதில் போட, மன்னிக்கணும்.

மீனா அக்கா, நீங்க சொன்ன அந்த ஒரு கேள்விய கேட்டேன். எந்த ரேட்ல டிஸ்கவுண்ட் பண்ணீங்கன்னு. ரெண்டு நாள் பதிலே வரல. அப்புறம் எக்செல் அனுப்புனாங்க. ஃபிக்ஸட் ரேட் லோன் அத்தனையும் அந்தந்த லோனோட சொந்த ஒப்பந்த வட்டியிலயே டிஸ்கவுண்ட் ஆயிருக்கு 🤦 2 பர்சென்ட் லோன 2 பர்சென்ட்ல டிஸ்கவுண்ட் பண்ணா 100தானே வரும், வேற என்ன வரும்! அதான் கேரியிங் அமௌண்ட்டும் ஃபேர் வேல்யூவும் ஒன்னு. நான் பாட்டுக்கு டை ஆகுதுன்னு டிக் போட்டு வச்சிருந்தேன்.

நானே ஒரு தொகுப்ப மட்டும் போட்டுப் பாத்தேன். நம்பர மாத்தி சொல்றேன், 60 மில்லியன் வெள்ளி, 2 பர்சென்ட், வருஷா வருஷம் வட்டி, அசல் கடைசில, மூணு வருஷம் பாக்கி, இப்ப அதே மாதிரி ஆளுக்கு அவங்களே குடுக்குற ரேட் 4. 100க்கு 94.45 வருது, அதாவது 56.67 மில்லியன். 3.33 மில்லியன் வித்தியாசம். சரியா போட்டுருக்கேனா? இது நோட்ல மட்டும்தான வரும், லாபம் மாறாதுல்ல? சீனியர்கிட்ட சொன்னா "போன வருஷமும் அப்படித்தான் இருந்துச்சு"ங்கறாங்க.

அஞ்சாவது கம்பெனி கேள்வியும் கேட்டேன். "அது இந்தத் தொழில்ல பொருத்தமா இல்ல"ன்னு பதில். போன வருஷம் பொருத்தமா இருந்துச்சே.

—

மீனா_மாசக்கடைசி:

கணக்கு சரி. கூப்பன் பக்கம் 5.55, அசல் பக்கம் 88.90, கூட்டுனா 94.45. லாபம் மாறாது, நோட் மட்டும்தான், ஆனா நோட்டும் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மெண்ட்ல ஒரு பகுதி, அதுல தப்பு இருந்தாலும் தப்புதான். போன வருஷ நம்பரும் தப்புன்னா அது உன் சீனியர் மேனேஜர்கிட்ட கொண்டு போக வேண்டிய விஷயம், நீயே சுமக்காத. ஒன்னு மட்டும் பாத்துக்கோ, அதுல முன்கூட்டியே அடைக்க முடியுற லோன் எவ்ளோன்னு பிரிச்சுக் காட்டு. வட்டி இறங்குனா அவன் ரீஃபைனான்ஸ் பண்ணிட்டு ஓடிருவான், அதனால விலை 100க்கு மேல நீ நினைக்கிற அளவு ஏறாது. இப்ப வட்டி மேல இருக்குறதால பெரிய பாதிப்பு இல்ல, ஆனா கேப்பாங்க.

அந்த அஞ்சாவது கம்பெனியோட மடங்கு இந்த வருஷம் எவ்ளோன்னு பாத்தியா? மத்த நாலவிட ரொம்பக் கம்மியா இருக்குன்னு 10 வெள்ளி பந்தயம்.

—

பழைய_டிரெஷரி:

தம்பி, இன்னொரு விஷயம், கிளையண்ட் விவரம் இங்க இதுக்கு மேல போடாத. நம்பர மாத்தி சொன்னாலும் சரி. சிங்கப்பூர் சின்ன ஊரு, இதப் படிக்கிறவன்ல ஒருத்தன் அந்த எக்செல்ல போட்டவனாக் கூட இருக்கலாம்.

அந்த லோனுக்கு எதிரா ஸ்வாப் ஏதாவது வச்சிருக்காங்களான்னு பாரு. வச்சிருந்தா ஸ்வாப்ல வந்த லாபம் ஏற்கனவே புக்ல ஏறியிருக்கும், அப்ப 3.33 மில்லியன் பாத்து யாரும் பதற வேண்டியதில்ல, ரெண்டையும் சேத்து ஒரு பக்கம் எழுதிக் குடு, மேனேஜர் சந்தோஷப்படுவாரு.

—

ராத்திரி_ஆடிட்டர்:

புரிஞ்சுது அண்ணே, இனிமே கிளையண்ட் பத்தி வாயத் தொறக்கல. ஸ்வாப் லிஸ்ட நாளைக்குக் காலைல கேக்குறேன்.

அக்கா, 10 வெள்ளி உங்களுக்குத்தான். தேக்கால தே தாரிக்கா வாங்கித் தரட்டுமா இல்ல பேநவ் பண்ணட்டுமா?

—

கோப்பி_ஓ_கோசோங்:

பந்தயத்துல நானும் மீனா பக்கம்தான் இருந்தேன், எனக்கு ஒரு கோப்பி ஓ கோசோங்.